பொத்தானை அல்ல, காதைப் பழக்குங்கள்

இசைத் தேர்வு என்றதும் என்ன நினைவுக்கு வரும்? ஒரு பியானோ, எதிரே கண்ணாடி போட்ட ஒரு தேர்வாளர், வியர்க்கும் விரல்கள். நம் ஊர் வழக்கம் என்றால் ஒரு தம்பூரா, ஒரு வர்ணம், "எங்கே, கல்பனாஸ்வரம் பாடு பார்ப்போம்" என்னும் ஒரு குரல். இங்கிலாந்தின் மேல்நிலை வகுப்புகளில் நடக்கும் ஓர் இசைத் தேர்வில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. வரிசையாகக் கணினிகள். ஒவ்வொரு மாணவர் தலையிலும் ஒரு ஹெட்போன். அறைக்குள் மவுஸ் அமுக்கும் சத்தமும் யாரோ இருமும் சத்தமும் மட்டுமே கேட்கும். ஆனால் ஒவ்வொரு தலைக்குள்ளும் ஒரு முழுப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இப்படி 2 மணி 15 நிமிடம்.

ஏ லெவல் 'மியூசிக் டெக்னாலஜி' பாடத்தின் செயல்முறைத் தேர்வு இது. பியர்சன் எடெக்ஸெல் என்ற தேர்வு வாரியம் நடத்துகிறது. 2017 இல் தொடங்கிய பாடத்திட்டப்படி மதிப்பெண்கள் நான்காகப் பிரிகின்றன. ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்து கொடுப்பதற்கு 20 சதவீதம். கணினியில் சொந்தமாக இசையமைத்துக் கொடுப்பதற்கு 20 சதவீதம். கேட்டுப் பகுத்து எழுதும் தேர்வுக்கு 25 சதவீதம். மீதி 35 சதவீதமும் இந்தக் கடைசித் தேர்வுக்குத்தான். சில ஒலிக்கோப்புகளும் மிடி கோப்பும் கொடுப்பார்கள். அவற்றில் உள்ள குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். கேட்ட ஒலியை உருவாக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்து ஒரு பாட்டாக ஆக்க வேண்டும். அதோடு ஒரு கட்டுரையும் எழுத வேண்டும்.

இந்தத் தேர்வுக்கு மாணவர்கள் தயாராகும் விதத்தில் ஓர் அடிப்படைத் தவறு இருக்கிறது. இதைக் கணினித் தேர்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இது காதுக்கு வைக்கப்படும் தேர்வு.

மனப்பாடம் செய்த எண்கள்

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என்ன நடக்கிறது? இணையத்தில் செய்முறை வீடியோக்களைத் தேடுவார்கள். "குரலுக்குக் கம்ப்ரஸர் எப்படி வைப்பது?" என்று ஒன்று கிடைக்கும். த்ரெஷோல்ட் மைனஸ் 20, ரேஷியோ 4:1 என்று அதில் ஒருவர் சொல்வார். அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, சிவப்பு மையில் கட்டம் போட்டு வைப்பார்கள். ரிவெர்ப்புக்கு ஓர் எண், ஈக்யூவுக்கு ஓர் எண் என்று வாய்ப்பாடு மாதிரி ஒரு பட்டியலே தயாராகிவிடும். இரண்டாம் வாய்ப்பாடு யார் சொன்னாலும் ஒன்றுதான். ஒலியோ அப்படி இல்லை.

அந்தக் கம்ப்ரஸரையே எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட அளவைத் தாண்டும் சத்தத்தை மட்டும் அது அடக்கும். அந்த அளவுக்குப் பெயர்தான் த்ரெஷோல்ட். தேர்வில் கொடுத்த குரல் மெல்லப் பதிவாகியிருக்கிறது, அதன் உச்சமே மைனஸ் 24 டெசிபல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 20 இல் உட்கார்ந்திருக்கும் கம்ப்ரஸர் பாட்டு முடியும்வரை ஒரு வேலையும் செய்யாது. திரையில் எண் சரியாக இருக்கிறது, மாணவருக்குத் திருப்தி. மாறாக, குரல் மைனஸ் 4 வரை எகிறினால் எல்லையை 16 டெசிபல் தாண்டுகிறது. 4:1 என்றால் அந்த 16 இல் 4 தான் மிஞ்சும். ஒரே வீச்சில் 12 டெசிபல் நசுங்கிப்போகும். உயிரோடு பாடியவர் தலையணைக்குள் முகம் வைத்துப் பாடுவது போல ஆகிவிடுவார். ஒரே எண், ஒரே மென்பொருள்... ஒரு கோப்பில் ஒன்றும் நடக்கவில்லை, இன்னொரு கோப்பில் எல்லாமே கெட்டுவிட்டது. வித்தியாசத்தைச் சொல்லக்கூடியது காது ஒன்றுதான்.

இன்னோர் உதாரணம். பிரிட்டனில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவில் மின் இரைச்சல் ஏறிவிட்டால் 50 இலும், அதன் மடங்குகளான 100, 150 இலும் 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டு என்று பட்டியல் சொல்கிறது. குரலில் அப்படி வெட்டினால் 50 குறைந்துவிடும். 100 உம் 150 உம் அங்கேயே நிற்கும். அதே வெட்டை பேஸ் கிதாரில் வைத்தால் இன்னும் மோசம். அந்த வாத்தியத்தின் கடைசித் தந்தியே சுமார் 41 ஹெர்ட்ஸில் பேசுவது. இரைச்சலோடு சேர்த்து வாத்தியத்தின் அடித்தளத்தையும் பெயர்த்தாயிற்று! குறுகலான ஒரு வெட்டு, இரைச்சல் இருக்கும் இடத்தில் மட்டும்... அது எந்த இடம் என்று காதால் தேடித்தான் கண்டுபிடிக்க முடியும்.

காதை எப்படிப் பழக்குவது?

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சமையலில் உப்பு பார்க்கிற பழக்கம் போலத்தான். தினமும் கால் மணி நேரம் போதும்.

ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஓடும் பாட்டில் ஏதேனும் ஓர் அலைவரிசையை ஈக்யூவில் ஏற்றச் சொல்லுங்கள். திரையைப் பார்க்காமல் அது 250 ஆ, 1000 ஆ, 4000 ஆ என்று சொல்லுங்கள். முதல் வாரம் குருட்டாம்போக்கில் அடிப்பது போல இருக்கும். மூன்றாவது வாரம் 250 என்றால் பானைக்குள் பேசுவது போன்ற தன்மை, 4000 என்றால் காதைக் கீறுவது போன்ற தன்மை என்று தானாகவே பிடிபடத் தொடங்கும்.

சுருதியும் அப்படியே. அரை ஸ்வரத்தை 100 சென்ட்டாகப் பிரிப்பது வழக்கம். பாட்டில் ஒரே ஒரு சொல் மட்டும் 30 சென்ட் கீழே இறங்கியிருக்கும். திருத்தும் கருவி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. ஆனால் எந்தச் சொல் என்று கருவிக்குத் தெரியாது. முழுக்குரலையும் கருவியிடம் ஒப்படைத்தால் பாடகர் வேண்டுமென்றே வளைத்துப் பாடிய இடத்தையும் நிமிர்த்திவிடும். 1997 இல் ஆட்டோ ட்யூன் வந்து, அடுத்த ஆண்டே ஷெர் பாடிய பிலீவ் பாட்டில் அது ஓர் அழகாகவே மாறியது உண்மைதான். அது தெரிந்தே செய்த விளையாட்டு. தேர்வில் கேட்பது தெரியாமல் விழுந்த ஒரு சொல்லைத் தூக்கி நிறுத்துவது.

காது ஏமாறும் விதங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். சத்தம் கூடினாலே 'நன்றாக இருக்கிறது' என்று காது சொல்லும். ஒரு கருவியைச் சேர்த்துவிட்டு முன்னும் பின்னும் ஒப்பிடுகிறவர், இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் தேர்ந்தெடுத்தது நல்ல ஒலியை அல்ல, பெரிய ஒலியை. மெல்லக் கேட்கும்போது கீழ் ஸ்தாயி ஒலிகள் காதுக்குக் குறைவாகவே விழும் என்பதை 1933 இலேயே பிளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டிவிட்டார்கள். எனவே தேர்வின் நடுவே ஹெட்போன் சத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பவர், பேஸ் எவ்வளவு வேண்டும் என்பதைப் பத்து முறை மாற்றி மாற்றி முடிவு செய்துகொண்டிருப்பார். ஓர் அளவில் வைத்துவிட்டுத் தொடாமல் இருப்பதே ஒரு பயிற்சி.

வருடம் முழுவதும் ஸ்பீக்கரில் பழகிவிட்டுத் தேர்வில் மட்டும் ஹெட்போன் மாட்டுவது இன்னொரு தவறு. ஹெட்போனில் இடது இடது காதுக்கு மட்டும், வலது வலது காதுக்கு மட்டும். அறை என்பதே இல்லை. ரிவெர்ப் வேறு மாதிரிக் கேட்கும், இட வலம் பிரிப்பதும் வேறு மாதிரிக் கேட்கும். எந்த ஹெட்போனில் எழுதப்போகிறாரோ அதே வகையில் பழகுவதே புத்திசாலித்தனம்.

கடிகாரத்தோடு ஒரு கணக்கு

தேர்வு 135 நிமிடம். மொத்தம் 105 மதிப்பெண். வகுத்துப் பார்த்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு சுமார் 77 நொடி. கட்டுரைக்கு 20 மதிப்பெண், அதாவது ஏறத்தாழ 25 நிமிடம் அதற்கே போய்விடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர் ஒரு ஸ்னேர் சத்தத்தை மெருகேற்ற அரை மணி நேரம் செலவிட மாட்டார். ஆனால் நடப்பது அதுதான். முதல் கேள்வியில் காதல் கொண்டு அங்கேயே தங்கிவிடுவார்கள். கடைசியில் எல்லாவற்றையும் கலக்கும் கேள்விக்கு வரும்போது பத்து நிமிடம் மிஞ்சும். சத்தங்களின் அளவு ஒன்றோடொன்று பொருந்தாமல், முடிவில் எதிரொலியின் வால் பாதியில் அறுந்து... இரண்டு வருட உழைப்பு அப்படி முடியக் கூடாது.

கோப்புகளைத் திறந்ததும் முதல் ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் கேட்க வேண்டும். எங்கே 'டக்' என்று ஒரு சத்தம் வருகிறது, எங்கே தாளம் முந்துகிறது, எங்கே இரைகிறது என்று தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். வைத்தியர் நாடி பார்த்த பிறகுதானே மருந்து எழுதுவார்? கேட்கச் செலவழித்த ஐந்து நிமிடம் பின்னால் பதினைந்து நிமிடமாகத் திரும்பி வரும்.

சின்னக் கணக்குகள் மனதில் இருந்தாலும் நேரம் மிச்சம். தாளத்தோடு ஒட்டிய டிலே வேண்டுமென்றால் 60,000 ஐ வேகத்தால் வகுத்தால் ஓர் அடிக்கு எத்தனை மில்லி நொடி என்று கிடைக்கும். 100 வேகம் என்றால் 600, அதில் பாதி 300. இவை மட்டும் மனப்பாடம் செய்யத் தகுந்தவை. ஏனென்றால் இவை கணிதம். கோப்புக்குக் கோப்பு மாறாது.

கட்டுரையும் கையால் வரும்

கட்டுரைக் கேள்வியைத் தனியாகப் பிரித்து, தொழில்நுட்ப வரலாற்றை உருப்போடுவோர் உண்டு. அதுவும் வீண்தான். 'கேட்டட் ரிவெர்ப்' என்ற 80களின் டிரம் சத்தத்தைப் பாருங்கள். லண்டனில் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்துக்காக ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் வாசித்தபோது, ஒலிப்பதிவாளர் ஹ்யூ பேட்ஜம் கையில் உருவானது அது. உள்ளே இருப்பவர்கள் பேசினால் கேட்பதற்காக வைத்திருந்த மைக்கில் டிரம்ஸ் சத்தம் பலமாக நசுங்கி வந்தது. அதை ஒரு 'கேட்' கொண்டு சட்டென்று வெட்டினார்கள். ஆல்பம் 1980 இல் வந்தது. 1981 இல் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' அந்தச் சத்தத்தை உலகத்துக்கே தெரிய வைத்தது.

இதைப் படித்து மட்டும் வைத்தவர் இரண்டு பத்தி எழுதுவார். ஒரு மதியம் உட்கார்ந்து ஸ்னேர் மீது பெரிய ரிவெர்ப்பைப் போட்டு, அதன்மேல் கேட்டை வைத்து, 'டும்' என்று வந்து சட்டென்று அறும் அந்தச் சத்தத்தைத் தானே செய்து பார்த்தவர் நான்கு பக்கம் எழுதுவார். கேட் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், தாளம் வேகமானால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவருக்குக் கையால் தெரியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

வசதியுள்ளவர், வசதியில்லாதவர்

இங்கே ஒரு கேள்வி எழும். வீட்டிலேயே நல்ல கணினி, விலையுயர்ந்த மென்பொருள், தனி அறை, அறைக்குள் ஸ்பீக்கர் என்று வளர்ந்த ஒரு மாணவர். பள்ளிக் கணினியைத் தவிர வேறு எதுவும் தொடாத இன்னொரு மாணவர். இருவருக்கும் ஒரே தேர்வு. இது நியாயமா?

நியாயமில்லை என்பது பாதி உண்மை. பாடத்தின் மற்றப் பகுதிகளைவிட இந்தத் தேர்வுதான் சமநிலைக்குச் சற்று அருகில் இருக்கிறது என்பது மறுபாதி. ஒலிப்பதிவுக்கு நல்ல அறையும் நல்ல வாத்தியக்காரர்களும் கிடைத்தவருக்கு வேலை பாதி முடிந்துவிடுகிறது. தேர்வு அறையிலோ ஒரே கோப்புகள், ஒரே நேரம். வீட்டு ஸ்டுடியோ வீட்டில் இருக்கும். "உண்மையான ஸ்டுடியோவில் யார் 2 மணி நேரத்தில் பாட்டை முடிக்கிறார்கள்? இது செயற்கையான தேர்வு" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் நிதானமாகச் செய்யத்தான் ஏற்கெனவே 40 சதவீதம் ஒதுக்கியிருக்கிறதே. யாருடைய கையும் உதவிக்கு வராமல், தன் காதோடு மட்டும் ஒருவர் உட்காரும் ஒரே இடம் இதுதான். அதை எடுத்துவிட்டால் பணம் உள்ளவருக்குத்தான் லாபம்.

ஆனால் அந்தச் சமநிலை தானாக வராது. பழக்கம் சமமாக இருந்தால்தான் தேர்வும் சமம். ஆகவே பள்ளிகளுக்கு ஒரு கடமை இருக்கிறது. அந்தக் கணினி அறையை மதிய இடைவேளையிலும் பள்ளி முடிந்து ஒரு மணி நேரமும் திறந்து வைக்க வேண்டும். தேர்வுக்கு முன் குறைந்தது மூன்று முறையாவது அதே இருக்கை, அதே கணினி, அதே ஹெட்போன், முழு 135 நிமிடம் என்று ஒத்திகை நடத்த வேண்டும். கோப்பைச் சரியான பெயரில் சேமிப்பது, வேவ் கோப்பாக எடுப்பது, எடுத்த பிறகு ஒருமுறை முழுதும் கேட்டுப் பார்ப்பது எல்லாம் அந்த ஒத்திகையில்தான் படியும். அழகாகக் கலந்துவிட்டு, ஒரு ட்ராக் ஊமையாக இருப்பதைக் கவனிக்காமல் எடுத்துக் கொடுத்தால் தேர்வாளர் என்ன செய்வார்? காதுக்கு வராத ஒலிக்கு மதிப்பெண் போட முடியாது.

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் மென்பொருள் இல்லை என்பது பயிற்சி செய்யாததற்குக் காரணம் ஆகாது. இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. 2000 இல் வெளிவந்த ஆடாசிட்டி இன்றும் இலவசம்தான். தேர்வுக்கு அது போதாது என்றாலும் 'டக்' சத்தத்தை வெட்டவும் இரைச்சலைத் தேடவும் தாராளமாகப் பயன்படும். அதுவும் இல்லையா? பேருந்தில் போகும்போது கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டு, ஹை ஹாட் எந்தப் பக்கம் இருக்கிறது, குரலில் ரிவெர்ப் எவ்வளவு நீளம், எந்த இடத்தில் இரண்டாவது கிதார் நுழைகிறது என்று கேட்டுக்கொண்டே வரலாம். ஆடத் தெரியாதவர் மேடை கோணல் என்ற கதையாக, கேட்கப் பழகாதவர்தான் முதலில் மென்பொருளைக் குறை சொல்வார்.

யாருக்கான கதவு?

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. மேற்கத்திய இசையை ஏ லெவலில் படிக்க ஸ்வரக் குறிப்புகளைச் சரளமாக வாசிக்கத் தெரிய வேண்டும். அதற்குச் சிறுவயதிலிருந்தே தனி வகுப்பு, வாத்தியம், மாதாமாதம் கட்டணம் என்று ஒரு நீண்ட பாதை. அந்தப் பாதையில் வராத பிள்ளைகளுக்கும் இசைக்குள் நுழைய ஒரு பக்கவாசல் வேண்டும். தன் அறையில் பீட் போட்டுப் பழகியவன், சர்ச்சில் மிக்ஸர் பிடித்தவள், எங்கோ கல்யாண வீட்டில் சவுண்ட் செட் தூக்கியவன் ஆகியோருக்கு இந்தப் பாடம் அந்த வாசல். 'பொத்தான் அமுக்கும் பாடம்', 'சுலபமாக மதிப்பெண் வாங்கும் பாடம்' என்று இதைப் பேசுகிறவர்கள் அந்த வாசலைத்தான் இழுத்துச் சாத்துகிறார்கள். பட்டியலை உருப்போட்டு எழுதும் மாணவர்கள் அந்தப் பேச்சுக்குத் தெரியாமலேயே சாட்சி சொல்கிறார்கள்.

லண்டனிலும் அதைச் சுற்றியும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சனிக்கிழமை மிருதங்க வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை பாட்டு வகுப்பு என்று பிள்ளைகள் வளர்கிறார்கள். தம்பூராவோடு சுருதி சேர்த்துச் சேர்த்துப் பழகிய காது, ஒரு சொல் கீழே இறங்கியதை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கும்! தாளத்தைத் தொடையில் போட்டுப் பழகிய கை, டிரம்ஸ் முந்துவதை எவ்வளவு எளிதாக உணரும்! ஆனால் பாடம் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் "இசை வார இறுதிக்கு, படிப்பு வாரநாளுக்கு" என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். எல்லோரும் இந்தப் பாடத்தை எடுக்க வேண்டும் என்பதில்லை. எடுக்க விரும்பும் பிள்ளையிடம் "அதெல்லாம் ஒரு படிப்பா?" என்று கேட்பதற்கு முன், அந்த 2 மணி 15 நிமிடத்தில் என்ன கேட்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கலாம்.

மென்பொருள் மாறும். இன்று கற்ற பொத்தான் ஐந்து வருடத்தில் வேறு இடத்துக்குப் போய்விடும், அல்லது இல்லாமலே போய்விடும். சத்தங்களுக்கு நடுவே எது சரியில்லை என்று பிடிக்கும் காது அப்படிப் போகாது. தேர்வு முடிந்து ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைக்கும்போது, அதை மட்டும்தான் அந்த மாணவர் தன்னோடு வெளியே எடுத்துக்கொண்டு போகிறார்.